க்ரவுஸ் வேட்டைக்கு மொத தடவ கைடோட போறீங்களா? வடக்கு விஸ்கான்சின் போயிட்டு வந்தவன் சொல்றேன்

மொத தடவ போயிட்டு வந்தப்ப வீட்ல கேட்ட மொத கேள்வி "எத்தன?". ரெண்டு நாள், சுமார் 14 மைல் நடை, எண்ணிப் பாத்தா முப்பது பறவை பக்கம் எங்க முன்னாடி கெளம்புச்சு, நான் சுட்டது 19 தோட்டா, விழுந்தது ஒண்ணு. அந்த ஒண்ணும் என் தோட்டாவுல விழுந்துச்சா இல்ல என் முகத்தப் பாத்து பாவப்பட்டு விழுந்துச்சான்னு இன்னும் சந்தேகம்தான். ஆனா அதுக்கப்புறம் அஞ்சு சீசன் போயிட்டேன், இப்ப புதுசா போறவங்க என்கிட்ட கேக்குறாங்க, அதனால மொத்தமா ஒரு தடவ எழுதி வச்சிடறேன். ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன், அந்த 18 மிஸ்ஸும் நான் சுடத் தெரியாம விட்டதில்ல, கால எங்க வைக்கறதுன்னு தெரியாம விட்டது. அது எப்படின்னு கீழ வரும்.

என்ன பறவை, ஏன் அங்க

ரஃப்டு க்ரவுஸுங்கறது காட்டுக்கோழி இனம், நம்ம கௌதாரிய விட பெருசு, அரை கிலோவுல இருந்து 700 கிராம் வரைக்கும் இருக்கும். அங்க ஊர்க்காரங்க பெரியவங்க இன்னும் பார்ட்ரிட்ஜ்னுதான் சொல்வாங்க. கூடவே கிடைக்கறது வுட்காக், அது சின்னது, நீள மூக்கு, கண்ணு ரெண்டும் தலைக்குப் பின்னால தள்ளி இருக்கும், மண்ணுக்குள்ள மூக்க விட்டு மண்புழு தின்னுட்டு தெற்க பாத்து லூசியானா பக்கம் போயிட்டிருக்கற வழிப்போக்கன். க்ரவுஸ் அங்கயே இருக்கற பறவை, பனி கொட்டினா பனிக்குள்ள பொத்துனு விழுந்து பொதஞ்சு தூங்கும்.

மிச்சிகன் வடக்குப் பகுதி, மினசோட்டா, மெயின்னு பல இடம் இருக்கு. நான் மாடிசன்ல இருக்கறதால எனக்குத் தெரிஞ்சது விஸ்கான்சின், அதுவும் பார்க் ஃபால்ஸ் சுத்து வட்டாரம், நாலு மணி நேர ட்ரைவ். அந்த ஊரு தன்னை "உலகத்தோட ரஃப்டு க்ரவுஸ் தலைநகரம்"னு சொல்லிக்கும். பக்கத்துல ஒரு தேசியக் காடு, சுமார் 15 லட்சம் ஏக்கர், பேரப் படிச்சா "செக்வாமெகன்"னு வரும், ஆனா அங்க போய் அப்படிச் சொல்லிடாதீங்க, "ஷவாமெகன்"தான். அது பத்தாதுன்னு கவுன்ட்டி காடுகள் மாநிலம் முழுக்க 20 லட்சம் ஏக்கருக்கு மேல இருக்கு. எல்லாமே பொது நிலம், யார் வேணா போலாம். அப்ப கைடு எதுக்கு? அத்தன லட்சம் ஏக்கர்ல பறவை இருக்கற ஏக்கர் எதுன்னு காட்டறதுக்குத்தான்.

மொதல்ல பேப்பர் வேலை, இதுல வெளையாடாதீங்க

நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப முக்கியமான விஷயம் இது. ஹெச் 1 பி, எஃப் 1, விசிட்டர்னு விசாவுல இருக்கறவங்க அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியும் தோட்டாவும் வச்சிருக்கவே கூடாது, வாங்கறது மட்டும் இல்ல, கையில வச்சிருக்கறதே குத்தம். ஆனா அதுல ஒரு விலக்கு இருக்கு, அமெரிக்காவுல முறையா கொடுத்த செல்லுபடியாகற ஹன்டிங் லைசென்ஸ் கையில இருந்தா வச்சுக்கலாம். அதனால வரிசை முக்கியம்: லைசென்ஸ் மொதல்ல, துப்பாக்கி அப்புறம். நண்பன் ரேஞ்சுக்கு கூப்பிட்டான், சும்மா ரெண்டு சுட்டுப் பாத்தேன்னு கதையெல்லாம் வேணாம், மாட்டினா வேலையும் போகும் விசாவும் போகும். நான் மொத ரெண்டு சீசன் ஹெச் 1 பில இருந்தப்ப லைசென்ஸ், பாஸ்போர்ட், ஐ 94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு) மூணையும் ஜிப் கவர்ல போட்டு வெஸ்ட் உள்பாக்கெட்லயே வச்சிருந்தேன். உங்க நிலைமைல ஏதாவது சிக்கல் இருந்தா, விசா மாத்தற நடுவுல இருக்கீங்கன்னா, வக்கீல்கிட்ட கேட்டுட்டு போங்க. க்ரீன் கார்டு இருக்கறவங்களுக்கு இந்த விசா தடை கெடையாது.

அடுத்தது ஹன்டர் எஜுகேஷன். விஸ்கான்சின்ல 1973 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கப்புறமோ பொறந்தவங்க எல்லாரும் இந்த கோர்ஸ முடிச்சிருக்கணும். 18 வயசு தாண்டினவங்க ஆன்லைன்லயே முடிக்க வழி இருக்கு. ஆனாலும் நேர்ல நடக்கற கிளாஸ் கிடைச்சா அதுக்குப் போங்கன்னுதான் சொல்வேன், வேலிய எப்படி தாண்டறது, துப்பாக்கிய அடுத்தவர் கையில எப்படி கொடுக்கறதுங்கறதெல்லாம் ஸ்க்ரீன்ல பாத்து உடம்புக்கு வராது. கோர்ஸ் இல்லாம மென்ட்டர்டு ஹன்ட்னு ஒரு வழி இருக்கு, ஆனா அதுல கூட வர்றவர் கைக்கெட்டற தூரத்துலயே இருக்கணும், ஆல்டர் புதர்ல ரெண்டு பேர் கைக்கெட்டற தூரத்துல நடக்கறதுன்னா ரெண்டு பேர் ஒரு சட்டைக்குள்ள நடக்கற மாதிரி.

லைசென்ஸ் ஆன்லைன்ல கோ வைல்டுங்கற மாநில சைட்ல. ஸ்மால் கேம் லைசென்ஸ் வாங்குங்க. வுட்காக்கும் சுடப் போறீங்கன்னா ஹிப்னு ஒரு பதிவு இருக்கு, வலசைப் பறவைகளுக்கானது, போன வருஷம் எத்தன சுட்டீங்கன்னு ரெண்டு மூணு கேள்வி கேப்பாங்க, காசு கெடையாது, ஆனா பல பேர் மறந்துடுவாங்க. க்ரவுஸ் ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு 5, வுட்காக் 3. க்ரவுஸ் சீசன் செப்டம்பர் நடுவுல தொறக்கும், வுட்காக் அதுக்கு ஒரு வாரம் தள்ளி தொறந்து 45 நாள்தான். இந்த தேதி, கணக்கு எல்லாம் அந்தந்த வருஷ விதிமுறை புக்லெட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

எப்ப போறது

செப்டம்பர்ல போனா காடு பச்சையா அடர்ந்து கெடக்கும், பறவை எழற சத்தம் கேக்கும், பறவை தெரியாது. நாயும் வெயில்ல நாக்கு தள்ளும். அக்டோபர் ரெண்டாவது வாரத்துல இருந்து நாலாவது வாரம் வரைக்கும்தான் சரியான நேரம், எலை கொட்டியிருக்கும், வடக்க இருந்து வுட்காக் கூட்டம் கூட்டமா எறங்கும். நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடி சனிக்கிழமை மான் வேட்டை ஆரம்பிக்கும், அந்த ஒம்பது நாளும் நாய கூட்டிட்டு காட்டுப் பக்கம் தலை வைக்க வேணாம்.

இன்னொண்ணு, க்ரவுஸ் எண்ணிக்கை சுமார் பத்து வருஷ சுழற்சியில ஏறி எறங்கும். வசந்த காலத்துல ஆண் பறவை விழுந்து கெடக்கற மரத்து மேல ஏறி நின்னு றெக்கைய அடிக்கும், தூரத்துல டீசல் பம்ப்செட் ஸ்டார்ட் ஆகற மாதிரி டுப்… டுப்… டுப்னு ஆரம்பிச்சு டுபுடுபுடுபுன்னு முடியும், காதுல கேக்கறதுக்கு முன்னாடி நெஞ்சுல கேக்கும். மாநில டிஎன்ஆர் (இயற்கை வளத் துறை) ஆளுங்க ரோட்டோரமா நின்னு இத எண்ணித்தான் வருஷா வருஷம் ரிப்போர்ட் விடறாங்க. குறைஞ்ச வருஷம்னா போகக்கூடாதுன்னு இல்ல, நடை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

கைட எப்படி புடிக்கறது

நான் ஒரு வருஷம் வெப்சைட்ல இருந்த ஃபோட்டோ அழகா இருக்கேன்னு ஒருத்தர புக் பண்ணினேன். பேர் வேணாம். வந்தவர்கிட்ட ஒரே ஒரு நாய், அது பதினோரு மணிக்கே முன்னங்கால தூக்கி தூக்கி வச்சுது, மத்தியானத்துக்கு மேல நாய் வண்டில படுத்துக்குச்சு, நாங்க மூணு பேரும் நாய் இல்லாம லாகிங் ரோட்ல (வெட்டின மரத்த ஏத்திட்டுப் போற காட்டு ரோடு) வாக்கிங் போனோம், முழுக்காசும் கொடுத்துட்டு. அதுக்கப்புறம் ஃபோன்ல பேசாம யாருக்கும் அட்வான்ஸ் அனுப்பறதில்ல. என்ன கேக்கணும்னா, எத்தன நாய் கொண்டு வருவீங்க (நாளைக்கு குறைஞ்சது மூணாவது மாத்தி மாத்தி விடணும்), ஒரே நேரத்துல எத்தன பேர கூட்டிட்டு போவீங்க (ரெண்டு பேர்தான் நல்லது, மூணாவது ஆள்னா யாராவது ஒருத்தர் எப்பவும் நாய்க்குப் பின்னாலதான் இருப்பார்), தேசியக் காட்டுக்குள்ள கூட்டிட்டு போறதுக்கு ஃபாரஸ்ட் சர்வீஸ் பெர்மிட் இருக்கா, இன்ஷூரன்ஸ் இருக்கா, நீங்களும் துப்பாக்கி தூக்குவீங்களா. கடைசி கேள்வி முக்கியம், நல்ல கைடு பெரும்பாலும் துப்பாக்கி எடுக்கவே மாட்டார், நாய் வேலையப் பாப்பார்.

"எத்தன பறவை கேரண்டி?"ன்னு மட்டும் கேக்காதீங்க. கேரண்டி கொடுக்கறவர்கிட்ட போகாதீங்க, அது பண்ணையில வளத்த ஃபெசன்ட்ட காலைல கொண்டு வந்து விட்டு மத்தியானம் சுடற எடமா இருக்கும். அதுவும் ஒரு வேட்டைதான், ஆனா இது அது இல்ல. இங்க எண்ணறது ஃப்ளஷ், அதாவது உங்க முன்னாடி எத்தன பறவை எழுந்துச்சுங்கறது. விழுந்தது போனஸ்.

நீங்க மொத தடவங்கறத மறைக்காம சொல்லிடுங்க. முட்டி வலி, பிபி, அலர்ஜின்னு இருந்தா அதையும். அவர் அதுக்கேத்த எடத்த தேர்ந்தெடுப்பார். டிப்ஸ் தனி, 15ல இருந்து 20 சதவீதம் வழக்கம், கேஷா எடுத்துட்டு போங்க, அந்தப் பக்கம் சிக்னலே இல்லாத எடத்துல ஃபோன்ல பணம் அனுப்பறேன்னு நின்னா நல்லாருக்காது.

துப்பாக்கியும் துணியும்

லேசான ஷாட்கன், 20 கேஜ் (குழாய் அளவு, எண் கூடினா குழாய் சின்னது) போதும், 28 இருந்தாலும் ஓகே, 12 தான் இருக்குன்னா லேசான தோட்டா போடுங்க. சோக் (குழாய் நுனியோட இறுக்கம்) ரொம்ப திறந்தது, ஸ்கீட் இல்லன்னா இம்ப்ரூவ்டு சிலிண்டர். ரவை (தோட்டாவுக்குள்ள இருக்கற சின்ன குண்டு) ஏழரை இல்ல எட்டாம் நம்பர். பறவை எழறது 15, 20 கெஜத்துல, ஒரு செகண்டு ரெண்டு செகண்டுல மரத்துக்குப் பின்னால போயிடும், அந்த தூரத்துக்கு இறுக்கமான சோக் போட்டா ஒண்ணு மிஸ் ஆகும், இல்லன்னா சாப்பிட ஒண்ணும் மிஞ்சாது. பம்ப், ஆட்டோமேட்டிக் வச்சிருக்கீங்கன்னா வலசைப் பறவை சட்டப்படி மூணு தோட்டாவுக்கு மேல போக முடியாதபடி ப்ளக் போட்டிருக்கணும், வுட்காக்குக்கு இது பொருந்தும். கைடுகிட்ட இரவல் கேட்டா சிலர் கொடுப்பாங்க, ஆனா உங்க தோளுக்கு பழகாத துப்பாக்கி.

போறதுக்கு முன்னாடி பக்கத்து கிளப்ல நாலஞ்சு ரவுண்டு ஸ்கீட் (பறக்க விடற தட்ட சுடற பயிற்சி) சுடுங்க. துப்பாக்கிய தோள்ல வச்சுக்கிட்டு தட்ட விடச் சொல்லி "புல்"னு கத்தறது பழக்கம், அப்படி சுடாதீங்க, இடுப்புக்கு மேல குறுக்க புடிச்சுக்கிட்டு, தட்டு பறந்தப்புறம் தோளுக்கு ஏத்துங்க. காட்டுல யாரும் உங்களக் கேட்டுட்டு பறக்கப் போறதில்ல.

துணி விஷயத்துல ஜீன்ஸ் வேணாம். ஒரு தடவ நனைஞ்சா அன்னிக்கு முழுக்க காயாது, முள்ளும் உள்ள வந்துடும். முன்பக்கம் தடிச்ச துணி வச்ச ப்ரஷ் பேண்ட்டுன்னு கிடைக்கும், அது. கணுக்காலுக்கு மேல வர்ற வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ், வாங்கின உடனே போட்டுட்டு வராதீங்க, ஒரு மாசம் போட்டு நடந்து பழக்குங்க. உல்லன் சாக்ஸ் ரெண்டு ஜோடி. மெல்லிசான தோல் கையுறை. ஆரஞ்சு தொப்பி, ஆரஞ்சு வெஸ்ட் — விஸ்கான்சின்ல மான் துப்பாக்கி சீசன் தவிர சட்டப்படி கட்டாயம் இல்லைன்னாலும் ஆரஞ்சு இல்லாம எந்த கைடும் உங்கள வண்டிய விட்டு எறங்க விடமாட்டார், விடக்கூடாது. மினசோட்டாவுல இடுப்புக்கு மேல ஒரு துணியாவது பளிச்சுனு ஆரஞ்சோ பிங்க்கோ இருக்கணும்னு சட்டமே இருக்கு.

கண்ணாடி. பவர் கண்ணாடி போடாதவங்களும் சேஃப்டி கண்ணாடி போட்டே ஆகணும். எனக்கு ரெண்டாவது வருஷம் கண்ணாடில ஆவி புடிச்சுதுன்னு கழட்டி தொப்பி மேல வச்சேன், அஞ்சு நிமிஷம்கூட ஆகல, முன்னால போன நண்பர் விட்ட ஹேசல் கெளை சவுக்கு மாதிரி வந்து கண்ணுல அடிச்சுது. அன்னிக்கு முழுக்க ஒத்தக் கண்ணு, கண்ணீரா ஊத்துது, ராத்திரி மோட்டல்ல ஐஸ் வச்சுக்கிட்டு படுத்தேன். நடக்கறப்ப ஆளுக்கு ஆள் இடைவெளி விடுங்க, கெளைய கையால புடிச்சு விடுங்க.

உண்ணி அக்டோபர்லயும் இருக்கும், குளிர் வந்துடுச்சே செத்திருக்கும்னு நெனைக்காதீங்க. லைம் நோய் பரப்பற மான் உண்ணி எள்ளளவுதான் இருக்கும். பெர்மெத்ரின் ஸ்ப்ரேய வீட்லயே மொத நாள் துணில அடிச்சு காய வச்சு எடுத்துட்டு போங்க, பூனை இருக்கற வீட்ல ஈரமா தொங்க விடாதீங்க, பூனைக்கு விஷம். ராத்திரி குளிக்கறப்ப அக்குள், முட்டிக்குப் பின்னால, இடுப்பு மடிப்பு எல்லாம் தடவிப் பாருங்க.

காட்டுக்குள்ள

காலைல எட்டு மணிக்கு மேல கெளம்பினா போதும், மான் வேட்டை மாதிரி இருட்டுல எந்திரிக்க வேண்டியதில்ல, இதுவே எனக்கு இந்த வேட்டை புடிச்சதுக்கு பாதி காரணம். வண்டி நின்னதும் கதவ டமால்னு சாத்தாதீங்க, சத்தமா பேசாதீங்க. க்ரவுஸ் பறக்கறதுக்கு முன்னாடி நடந்தே நழுவிடும், மனுஷக் குரல் அதுக்கு நல்லாத் தெரியும்.

கைடு கூட்டிட்டு போற எடத்தப் பாத்தா மொத தடவ ஏமாத்தமா இருக்கும். பெரிய பெரிய மரம், அழகான காடுன்னு நெனச்சுட்டு வந்திருப்பீங்க, அவர் கொண்டு போய் விடறது மணிக்கட்டு தடிமன்ல குச்சி குச்சியா நெருக்கி நிக்கற ஒரு வெட்டுக்காட்டுல. ஆஸ்பென்ன வெட்டினா வேர்லயே ஆயிரக்கணக்குல கன்னு வெடிச்சுக் கெளம்பும், உள்ளூர்ல இத பாப்புல்னு சொல்வாங்க, அஞ்சு வருஷத்துல இருந்து இருபது வருஷம் வரைக்கும் அது செவுரு மாதிரி நிக்கும். அந்த செவுத்துக்குள்ள கழுகு, கோஷாக் வல்லூறெல்லாம் றெக்கைய விரிச்சு வர முடியாது, க்ரவுஸுக்கு அதான் கோட்டை. காகித ஆலைக்கு மரம் வெட்டறதும் இந்தப் பறவையும் இப்படித்தான் சேந்து இருக்கு. கைடு ஃபோன்ல ஆன்எக்ஸ் மேப்ப தொறந்து எந்த வெட்டு எந்த வருஷத்ததுன்னு காட்டினா நல்லா பாத்து வச்சுக்கோங்க, கொடுத்த காசுல பாதி இதுக்குத்தான். ஆஸ்பென் முடிஞ்சு ஆல்டர் புதர் ஆரம்பிக்கற ஈர ஓரம் வுட்காக் எடம். காஞ்ச எலை மேல சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளை எச்சம் தெரிஞ்சா அங்க இருக்கு, இல்ல நேத்து ராத்திரி இருந்துது.

நாய் கழுத்துல மணி கட்டியிருப்பாங்க, செட்டர், பிரிட்டனி, ஷார்ட்ஹேர்னு எந்த நாயா இருந்தாலும். மணி கிணிகிணின்னு கேட்டுட்டே இருக்கும், பத்து நிமிஷத்துல அது உங்க காதுல இருந்து மறைஞ்சே போயிடும். அப்புறம் திடீர்னு நிக்கும். அந்த அமைதிதான் பாயிண்ட். நாய் பறவை வாசனைய புடிச்சு செலையா நிக்குது. இப்ப ஜிபிஎஸ் காலர் இருக்கு, கைடு கையில இருக்கற டப்பா அதிர்ந்து "60 கெஜம், இடது பக்கம்"னு சொல்லும், ஆனா நீங்க மணிய கேக்கப் பழகுங்க.

இனிமேதான் நான் மொதல்ல சொன்ன கால் விஷயம். மணி நின்னதும் எல்லாப் புது ஆளும் செய்யறது என்னன்னா நேரா நாயோட வால புடிச்சுட்டு போய் நாய்க்குப் பின்னால நின்னு எட்டிப் பாக்கறது. தப்பு. கைடு நடுவுல, நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கமா விரிஞ்சு, நாயத் தாண்டி முன்னால போகணும். நின்னு நின்னு போனீங்கன்னா நீங்க நிக்கற எடத்துலதான் பறவை எழும், அது எப்படித்தான் தெரியுமோ, ஒரு கால் விழுந்த மரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம், தோள்ல கெளை மாட்டியிருக்கும், அப்பத்தான் பத்து முறத்த ஒரே நேரத்துல தட்டின மாதிரி படபடபடன்னு சத்தம். என்னோட மொத ரெண்டு நாள் பூரா இதேதான். மூணாவது மிஸ்ஸுக்கு அப்புறம் கைடு சுடறதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, "அடுத்த நாலடி எங்க வைக்கப் போறீங்கன்னு பாத்துட்டு நடங்க, நிக்கணும்னா சந்து இருக்கற எடத்துல நில்லுங்க"ன்னார். அதாவது கண்ணு பறவையத் தேட வேணாம், துப்பாக்கிய சொழட்ட எடம் இருக்கற சந்தத் தேடணும், ஒரு சந்துல இருந்து அடுத்த சந்துக்கு வேகமா போகணும், இடது கால் முன்னால வர்ற மாதிரி நிக்கணும் (இடது கைக்காரங்களுக்கு மாத்தி). அந்த ஒரு பறவை விழுந்தது அதுக்கப்புறம்தான்.

பறவை எழுந்ததும் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பறவைக்குக் கீழ வானம் தெரியுதா பாருங்க. வானம் தெரியலன்னா சுடாதீங்க. தாழப் பறக்கற பறவைக்கு அந்தப் பக்கம் நாய் இருக்கும், ஆள் இருக்கும். தரையில நிக்கற பறவைய சுடவே கூடாது. உங்க பக்கத்து ஆள் எங்க இருக்கார்னு தெரியலன்னா கூச்சப்படாம குரல் கொடுங்க, நீங்களும் "ரைட்ல இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருங்க. கடிகார முள் கணக்குல பத்துல இருந்து ரெண்டு வரைக்கும்தான் உங்க எல்லை. சேஃப்டி (துப்பாக்கியோட பூட்டு) தோளுக்கு ஏத்தறப்பத்தான் எடுக்கணும், நடக்கறப்ப எடுத்துட்டு நடந்தா கைடு ஒரு தடவ சொல்வார், ரெண்டாவது தடவ வண்டிக்கு அனுப்பிடுவார். மரம் தாண்டறதுக்கு, ஓடை தாண்டறதுக்கு தோட்டாவ எடுத்துடுங்க, டபுள் பேரல்னா சும்மா மடிச்சா போதும்.

சுட்டப்புறம் நின்னு வாயப் பொளந்துட்டு இருக்காதீங்க, உடனே லோடு பண்ணுங்க. ஒண்ணு எழுந்த எடத்துல ரெண்டாவது இருக்கும், காலி துப்பாக்கியோட நிக்கறப்ப கரெக்ட்டா எழும். வுட்காக் வேற மாதிரி, கீச்சுகீச்சுன்னு றெக்கை சத்தத்தோட ஹெலிகாப்டர் மாதிரி நேரா மேல ஏறி மர உச்சில ஒரு நொடி தயங்கும், அந்த தயங்கற எடத்துல சுடுங்க, ஏறறப்ப இல்ல. விழுந்த எடத்த கண்ணால குறி வச்சுக்கிட்டே நேரா போங்க, அதோட நிறம் காஞ்ச எலையேதான், காலடில கெடந்தாலும் தெரியாது. நாய் தேடி எடுத்துரும், நீங்க மிதிச்சு வாசனைய கலைக்காம இருந்தா சரி. நாயக் கூப்பிடறது, தட்டிக் கொடுக்கறது, பிஸ்கட் போடறது எல்லாம் கைடுகிட்ட கேட்டுட்டு. பாயிண்ட்ல நிக்கற நாய்கிட்ட பேசவே கூடாது.

முள்ளம்பன்றி இருக்கு, ஸ்கங்க் இருக்கு, ஓநாயும் இருக்கு. நாய் முகம் பூரா முள்ளோட வந்துதுன்னா அன்னிக்கு வேட்டை அவ்வளவுதான், கைடு ப்ளையர் எடுப்பார், நீங்க நாயோட ஒடம்ப அமுக்கிப் புடிக்க வேண்டியிருக்கும், மொகம் சுளிக்காம புடிங்க.

பறவை கையில வந்தப்புறம்

ஒடனே ஃபோட்டோ எடுத்துட்டு பைல போட்டுடாதீங்க, ஒரு நிமிஷம் பாருங்க. வால விசிறி மாதிரி விரிச்சா ஓரத்துல கறுப்பு பட்டை வரும், அந்தப் பட்டை வாலோட நடு இறகுலயும் விடாம ஓடினா பெரும்பாலும் ஆண், நடுவுல மங்கி அறுந்திருந்தா பெண். சாம்பல் நிறம் ஒண்ணு, செவப்பு நிறம் ஒண்ணுன்னு ரெண்டு வகை வரும், ரெண்டும் ஒரே பறவைதான்.

என் மொத பறவைய கைடு வண்டியோட பின்கதவு மேல வச்சு கழுத்துக்குக் கீழ இருந்த தீனிப்பைய கத்தி நுனியால கீறினார். உள்ள க்ளோவர் எலை, பொடியா நறுக்கின கொத்தமல்லி மாதிரி பச்சைப் பசேல்னு ஒரு பிடி, நடுவுல அஞ்சாறு செவப்புப் பழம். ஒண்ண நசுக்கி என் மூக்குல காட்டினார், அப்படியே அயோடெக்ஸ். எங்க பாட்டி முட்டில தேய்ச்ச கந்தபூரா தைலம். அந்தச் செடிதான் விண்டர்கிரீன், அந்த எண்ணெய்ல இருந்துதான் அந்த வாசனை. நான் பாட்டிய நெனச்சுட்டு நிக்கறேன், அவர் மேப்ப எடுத்துட்டார், "க்ளோவர் தின்னுட்டிருக்கு, அப்ப மத்தியானம் பழைய லாகிங் ரோட்டு ஓரமா போவோம்"னார். போனோம், நாலு எழுந்துது. அதனால நீங்க சுட்ட ஒவ்வொரு பறவைக்கும் தீனிப்பைய தொறந்து காட்டச் சொல்லிக் கேளுங்க.

சுத்தம் பண்றது சுலபம், கைடு காட்டித் தருவார். வுட்காக்குக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு, வீட்டுக்கு கொண்டு போற வரைக்கும் தலையோ, முழு இறகோட ஒரு றெக்கையோ ஒடம்போட ஒட்டியே இருக்கணும். க்ரவுஸுக்கு அந்தந்த மாநில விதி. ஐஸ் பெட்டில தண்ணில மெதக்க விடாதீங்க, ஜிப் கவர்ல போட்டு ஐஸ் மேல வைங்க.

சமையல் பத்தி ஒரு பத்தி எழுதாம விட்டா தப்பு. க்ரவுஸ் நெஞ்சுக்கறி வெள்ளை, கொழுப்பே கெடையாது, நாட்டுக்கோழி மாதிரி குக்கர்ல நாலு விசில் விட்டீங்கன்னா செருப்புத் தோல்தான். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், இடிச்ச மெளகு, கறிவேப்பிலை, சூடான இரும்புச் சட்டி, மொத்தம் ஆறேழு நிமிஷம், எறக்கிடணும். கால் மட்டும் எடுத்து வச்சு ரசத்துல போடுங்க. வுட்காக்ல தலைகீழ், நெஞ்சு கறுப்புக்கறி, கால் வெள்ளை, நெஞ்சுல ஈரல் மாதிரி ஒரு வாடை இருக்கும், எங்க வீட்ல எனக்கு மட்டும்தான் அது. ரவை ஒண்ணு ரெண்டு உள்ள இருக்கும், மெதுவா கடிங்க, பல் டாக்டர் செலவு லைசென்ஸ் செலவ விட ஜாஸ்தி.

வெள்ளிக்கிழமை ராத்திரி அங்க தங்கறீங்கன்னா எந்த சப்பர் கிளப்லயும் (அங்கத்து பழைய பாணி ரெஸ்டாரன்ட்) மீன் வறுவல் உண்டு. சைவம்னா சீஸ் கர்ட்ஸ், உருளைக்கிழங்கு, அவ்வளவுதான், புளிசாதம் கட்டிட்டு போங்க.

கடைசி நாள் சாயங்காலம் வண்டில ஏறறதுக்கு முன்னாடியே அடுத்த வருஷத்துக்கு தேதி கேட்டுடுங்க. அக்டோபர் நடு வாரம் நல்ல கைடுகளுக்கு பழைய ஆளுங்களாலயே நெரம்பிடும், ஜனவரில மெயில் போட்டா செப்டம்பர் வெயில்தான் மிச்சம் இருக்கும். நான் அந்த மொத வருஷம் வீட்டுக்குப் போய் யோசிச்சு சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன், அடுத்த அக்டோபர் வாரம் கிடைக்க ரெண்டு வருஷம் ஆச்சு.